சீலியாக் நோய்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோறு சாப்பிடும் ஊருக்குக் கோதுமையால் வரும் நோயைப் பற்றி எதற்கு இவ்வளவு நீளமான பக்கம் என்று தோன்றலாம். காலையில் பாண், பத்து மணித் தேத்தண்ணியோடு ரோல்ஸ், இரவுக்குக் கொத்து அல்லது பராட்டா என்று நாளைக் கழிப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். சோறு மத்தியானம் ஒரு வேளைதான். எங்கள் வீட்டில் அக்காவின் மகளுக்குச் சீலியாக் இருக்கிறது; சமையல் பெரும்பாலும் என் பொறுப்பு. சொந்தக்காரரும் தெரிந்தவர்களும் மாறி மாறிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வைத்தியரிடம் போகுமுன் வாசித்துவிட்டுப் போக உதவும். போகாமல் இருப்பதற்கு அல்ல.

சீலியாக் நோய் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்ற புரதம் இருக்கிறது. ரொட்டிக்குக் குழைத்த மா இழுபட்டு வருவது இந்தப் புரதத்தால்தான். சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால் அவருடைய நோய் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். சிறுகுடலின் உட்சுவரில் சடைமுளைகள் இருப்பதைப் பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்தில் படம் கீறிப் படித்திருப்போம். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அவைதான். தாக்குதல் தொடரத் தொடர அவை குட்டையாகி, கடைசியில் தட்டையாகிவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல சாப்பாடு கொடுத்தாலும் இரும்புச்சத்து, கல்சியம், போலிக் அமிலம், விற்றமின் டி எதுவும் ஒழுங்காக உடம்பில் சேராது.

இது தொற்றாது. ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும் பக்கத்தில் இருப்பவருக்கு வராது.

ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது?

குளுட்டனை முழுதாகச் செரிக்க யாராலும் முடியாது. சில துண்டுகள் உடையாமலே குடலில் தங்கும். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு கெடுதியும் இல்லை. ஆனால் எச்.எல்.ஏ. டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு, குடலில் இருக்கும் டிரான்ஸ்குளுட்டமினேஸ் என்ற நொதியம் அந்தத் துண்டுகளைச் சற்றே மாற்றிவிட, எதிர்ப்புச் சக்தி அவற்றை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. அந்த நொதியத்துக்கு எதிராகவும் உடம்பு பிறபொருளெதிரிகளை உருவாக்கும். ரத்தப் பரிசோதனையில் தேடுவது இவற்றைத்தான்.

மரபணு இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை. மூன்றில் ஒரு பங்கு மக்களிடம் அந்த மரபணு இருக்கிறது. உலகளவில் நோய் வருவது ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குத்தான். மீதிப் பேருக்கு ஏன் வரவில்லை என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. சிறுவயதில் வரும் சில வைரஸ் தொற்றுகள் இதைத் தூண்டிவிடலாம் என்ற சந்தேகம் ஆராய்ச்சியாளர்களிடம் உண்டு.

நமக்கு நெருக்கமான ஒரு தகவல் இந்தியாவிலிருந்து வருகிறது. பல பகுதிகளை ஒப்பிட்ட ஆய்வொன்றில் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில் சீலியாக் இருந்தது. மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். பெரிய வித்தியாசம் தட்டில் இருந்த கோதுமையில். ‘இது வெள்ளைக்காரரின் நோய், வட இந்தியரின் நோய்’ என்று சொல்பவர்களிடம் நான் இந்த ஆய்வைத்தான் சொல்வேன். நம்முடைய தட்டிலும் கோதுமை கூடிக்கொண்டே போகிறது.

கோதுமைதான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1888இல் சாமுவேல் ஜீ என்ற ஆங்கில வைத்தியர் நோயை விவரித்து, சாப்பாட்டால்தான் இதைக் குணப்படுத்த முடியும் என்று சொன்னார். எந்தச் சாப்பாடு என்று அவருக்குத் தெரியவில்லை. 1920களில் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்தார்கள், தேறினார்கள். பழத்தில் ஏதோ மகிமை என்று நினைத்தார்களே தவிர, பாண் நின்றதைக் கவனிக்கவில்லை. ஒல்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கேக்கு 1930களிலேயே கோதுமை மீது சந்தேகம் இருந்தது. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் அங்கே பாண் கிடைக்காமல் போனபோது சீலியாக் பிள்ளைகள் தேறியதும், பாண் திரும்பி வந்தபோது மறுபடி விழுந்ததும் அந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்த்தன. 1950இல் தன் ஆய்வேட்டில் அதை நிறுவினார்.

நாங்கள் சீனக்குடாப் பக்கம். மா ஆலைக்குக் கிட்ட இருப்பதால் வருமா?

வராது. 1980இல் தொடங்கிய ப்ரிமா ஆலை இருப்பதால் கோதுமை என்றதும் நம் ஊரில் முதலில் கண்ணில் வருவது அதுதான். அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. குளுட்டன் வேலையைக் காட்டுவது குடலுக்குள் போனால்தான். ஏற்கெனவே சீலியாக் உள்ள ஒருவர் பேக்கரியிலோ மா மூட்டைகளுக்கு நடுவிலோ வேலை செய்கிறார் என்றால் அது வேறு கதை. மூக்கு, வாய் வழியே போகும் மாத்தூள் தொண்டையில் இறங்கி விழுங்கப்படும். அப்படிப்பட்டவர் முகக்கவசம் போடவேண்டும். முடிந்தால் வேறு பகுதிக்கு மாறுவது நல்லது. மாத்தூளால் சில தொழிலாளருக்கு வரும் ஆஸ்துமாவுக்கும் சீலியாக்குக்கும் சம்பந்தமில்லை.

நாங்கள் இடியப்பம், புட்டு, தோசை சாப்பிடுகிற ஆட்கள். பாண் தொடுவதே இல்லை. அப்புறம் எப்படி?

எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இடியப்பம்: அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலந்து பிழிவது நம் வீடுகளில் சாதாரணம். கடை இடியப்பம் மெத்தென்று வெள்ளையாக இருந்தால் கேட்காமல் வாங்காதீர்கள். புட்டும் அப்படியே. அரிசி மா பாதி, கோதுமை மா பாதி என்பதுதான் பல வீடுகளின் அளவு. அவித்து அரித்த மா என்பதால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. நீற்றுப்பெட்டியில் எவ்வளவு நேரம் அவித்தாலும் குளுட்டன் போகாது. வறுத்தாலும் போகாது, சுட்டாலும் போகாது, புளிக்க வைத்தாலும் போதுமான அளவு போகாது.

தோசை: இந்தியத் தோசையில் உளுந்தும் அரிசியும். நம் பக்கத்துத் தோசையில் அரைத்த உளுந்தோடு கோதுமை மாவைக் கரைப்பது பலருடைய வழக்கம். அதைத் ‘தோசைதானே’ என்று வைத்தியரிடம் சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்?

உளுந்து வடை தளர்ந்துவிட்டால் இறுக்கத்துக்கு ஒரு பிடி கோதுமை மா விழும். கடலைப்பருப்பு வடையில் மா இல்லாவிட்டாலும் அது பொரிந்தது ரோல்ஸ் பொரித்த அதே எண்ணெயில். முறுக்கு அவித்த கோதுமை மாவில். பயத்தம் பணியாரத்தின் உள்ளே பயறும் சர்க்கரையும் என்றாலும் தோய்க்கும் கரைசலில் கோதுமை இருக்கலாம். மோதகத்தின் மேல்மாவும் அப்படித்தான். அப்பம் அரிசி மாவென்று நம்பிப் போனால், கடைக்காரர் கோதுமை மா கலந்திருப்பார். குரக்கன் ரொட்டி தட்ட வராது என்று பாதிக்குப் பாதி கோதுமை சேர்ப்பதும் வழமை.

ஆக, சோற்றைத் தவிர மற்ற எதையும் ‘அரிசிச் சாப்பாடு’ என்று கேட்காமல் நம்பக்கூடாது.

என்ன அறிகுறிகள் வரும்?

புத்தகத்தில் போட்டிருப்பது: நாட்பட்ட வயிற்றோட்டம், வயிறு ஊதல், எடை குறைதல், எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கும் நாற்றமுள்ள மலம். இப்படி வந்தால் யாரும் கவனிப்பார்கள். இப்படி வராதவர்கள்தான் வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

சிலருக்கு வயிற்றோட்டத்துக்குப் பதிலாக மலச்சிக்கல். சிலருக்கு வாய்ப்புண் ஆறி ஆறி வரும். பற்களின் எனாமல் குழிகுழியாக இருக்கும். காரணம் தெரியாத களைப்பு, கை கால் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், ஈரல் பரிசோதனையில் சற்றே உயர்ந்த எண்கள், நாற்பது வயதுக்குள் எலும்பு தேய்தல் என்று எங்கெங்கோ தலைகாட்டும். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிறு கொப்புளங்கள் வந்து தாங்க முடியாமல் கடிக்கும் ஒரு தோல் நோய் உண்டு. சொறி என்று களிம்பு பூசிக்கொண்டே இருப்பார்கள். அது சீலியாக்கின் தோல் வடிவம்.

எந்த அறிகுறியுமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். குடல் உள்ளே சேதமாகிக்கொண்டுதான் இருக்கும்.

இரும்புச்சத்துக் குளிசை மாதக்கணக்காகப் போட்டும் ரத்தம் ஏறவில்லை. இதுவா?

இதுவாகவும் இருக்கலாம். பெரியவர்களிடம் சீலியாக் வெளிப்படும் முக்கிய வழிகளில் இரத்தச்சோகை ஒன்று. இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். சேதம் அதிகமாக இருப்பதும் அங்கேதான். விழுங்கும் குளிசை உள்ளே சேராமல் போய்விடும்.

ஆனால் நம் நாட்டில் இரத்தச்சோகைக்கு வேறு காரணங்களும் உண்டு. தலசீமியாக் கூறு, கொழுக்கிப் புழு, பெண்களுக்கு மாதவிடாயில் அதிகப் போக்கு, வயிற்றுப்புண் கசிவு எல்லாவற்றையும் வைத்தியர் பார்ப்பார். ‘குளிசையை ஒழுங்காகப் போடவில்லைப் போல’ என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிட்டால், சீலியாக்குக்கும் பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை.

பிள்ளைகளிடம் எப்படித் தெரியும்?

மருத்துவமாது எடை போட்டுக் குறிக்கும் பிள்ளையின் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பால் மட்டும் குடித்த காலத்தில் கோடு ஒழுங்காக ஏறியிருக்கும். பாண், பிஸ்கட், ரஸ்க் தொடங்கிச் சில மாதங்களில் கோடு தட்டையாகி, கீழ்ப்பட்டைக்கு இறங்கும். வயிறு முன்தள்ளி, கை காலும் பிட்டமும் மெலிந்து, பிள்ளை எப்போதும் சிணுங்கிக்கொண்டிருக்கும். பூச்சி மருந்து கொடுத்தும் திருந்தாது.

வளர்ந்த பிள்ளைகளில் உயரம்தான் முதல் தடயம். வகுப்பில் எல்லாரிலும் குள்ளம். பெண்பிள்ளை பெரியபிள்ளையாவது தள்ளிப்போகும். ‘தகப்பன் வழி குள்ளம்’ என்று விட்டுவிடாதீர்கள். தகப்பனுக்கும் அதுவே இருந்திருக்கலாம்.

இன்னொன்று: கோதுமையைப் பிந்திக் கொடுத்தாலோ தாய்ப்பால் நீண்ட நாள் கொடுத்தாலோ நோயைத் தடுக்கலாம் என்று முன்பு நம்பினார்கள். 2014இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை. தாய்ப்பாலுக்கு வேறு ஆயிரம் நன்மை உண்டு, அது வேறு. தாய்மார் தங்களைக் குற்றஞ்சாட்டிக்கொள்ள இங்கே இடமில்லை.

கரு தங்காமல் போவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கண்டுபிடிக்கப்படாத சீலியாக் உள்ள பெண்களிடம் கருத்தரிப்பில் தாமதம், கரு கலைதல், எடை குறைந்த குழந்தை ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன. சாப்பாட்டை மாற்றியபின் அந்த அபாயம் குறைகிறது. கோயில் குளம் என்று அலைந்து, மற்ற எல்லாச் சோதனையும் செய்து முடித்த தம்பதியர் இந்த ஒரு ரத்தச் சோதனையையும் கேட்டுச் செய்வது நல்லது.

எப்படிச் சோதிப்பது?

முதலில் ரத்தம். டிரான்ஸ்குளுட்டமினேஸுக்கு எதிரான பிறபொருளெதிரியைத் தேடும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற பரிசோதனை. ஐ.ஜி.ஏ. என்பது ஒருவகைப் பிறபொருளெதிரி. அதன் மொத்த அளவையும் கூடவே பார்க்கவேண்டும். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ.யே உடம்பில் போதாமல் இருக்கும். அவர்களுக்கு முதல் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று சொல்லிவிடும்.

ரத்தத்தில் காட்டினால் அடுத்தது எண்டோஸ்கொப்பி. வாய் வழியே மெல்லிய குழாயை விட்டுச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து பல இடங்களில் மிகச் சிறிய துண்டுகளை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அந்த இடத்தில் வலி தெரியாது. தொண்டையில் குழாய் போகும் நிமிடங்கள்தான் கஷ்டம். பிள்ளைகளில் ரத்த அளவு எல்லைக்குப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது மாதிரியில் இன்னொரு பிறபொருளெதிரியும் உறுதியானால், குழாய் விடாமலே முடிவு சொல்ல ஐரோப்பிய வழிகாட்டல் இடம் தருகிறது. அதைக் குழந்தை வைத்திய நிபுணர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மரபணுச் சோதனை ‘இல்லை’ என்றால் நோய் இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. ‘உண்டு’ என்றால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் அளவு இறங்கும், குடல் ஆறத் தொடங்கும், அறிக்கை ‘நோய் இல்லை’ என்று வரும். வீடியோ பார்த்துவிட்டுத் தானாக நிறுத்துபவர்கள் பெருகிவிட்டார்கள். உண்மையில் நோய் இருப்பவருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஏற்கெனவே நிறுத்திவிட்டேனே?

அப்படியென்றால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறுபடி கோதுமை சாப்பிட்டுப் பிறகு சோதிக்கச் சொல்வார். பிரித்தானிய வழிகாட்டலில், சோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரமாவது நாளொன்றுக்கு ஒரு வேளைக்கு மேல் குளுட்டன் உள்ள சாப்பாடு சாப்பிடவேண்டும் என்று இருக்கிறது. உங்கள் உடல்நிலைக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவர் முடிவு செய்வார்.

பாண் சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது. உடனே சீலியாக்தானா?

அவசியமில்லை. கோதுமை ஒவ்வாமை என்று ஒன்று உண்டு. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வரும். அது அவசர விஷயம். சீலியாக் அல்லாத குளுட்டன் உணர்திறன் என்றும் ஒன்று உண்டு. தொந்தரவு இருக்கும், குடலில் சேதம் இருக்காது. பால் சீனி செரிக்காமை, குடல் எரிச்சல் நோய் இரண்டும் இதே மாதிரி வயிற்றை ஊதவைக்கும். வெப்ப நாடுகளில் வரும் டிரொப்பிகல் ஸ்ப்ரூ என்ற நோயில் சடைமுளைகள் இதேபோலச் சேதமாகும். ஆனால் அதற்கு மருந்து அன்டிபயோட்டிக்கும் போலிக் அமிலமும். அறிகுறியை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது.

மருந்து இல்லையா? கொஞ்சமாகச் சாப்பிட்டால் என்ன?

குணப்படுத்தும் குளிசை இதுவரை இல்லை. குளுட்டன் இல்லாத சாப்பாடு, அதுவும் ஆயுள் முழுக்க. அதுதான் வைத்தியம்.

‘கொஞ்சம்’ என்பதைக் கணக்காகவே பார்ப்போம். நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் குளுட்டன்வரை பெரும்பாலோர் தாங்குகிறார்கள். 50 மில்லிகிராமைத் தினமும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குடல் சேதமடைந்தது. சாதாரணக் கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளுட்டன். ஒரு தேக்கரண்டி மட்டமாக எடுத்தால் இரண்டரை கிராம் மா. அதில் 250 மில்லிகிராம். அந்த ஆபத்தான அளவைப்போல ஐந்து மடங்கு, ஒரு தேக்கரண்டியில்! ஒரு துண்டு பாணில் இரண்டு கிராம் அளவில் இருக்கும். ‘பிறந்தநாள் கேக் ஒரு கடிதான்’ என்று வற்புறுத்தும் மாமிமாரிடம் நான் இந்தக் கணக்கைச் சொல்வேன். நம்புகிறார்களோ இல்லையோ, அத்தோடு வற்புறுத்துவதை நிறுத்திவிடுவார்கள்.

சாப்பிட்டபின் ஒன்றும் செய்யவில்லை என்பது அத்தாட்சி அல்ல. வயிறு பேசாமல் இருக்கும்போதும் குடல் சேதமாகலாம்.

வீட்டில் எல்லாருக்கும் கோதுமையை நிறுத்தவேண்டுமா?

வேண்டியதில்லை, ஆனால் சில சாமான்களைத் தனியாக வைக்கவேண்டும். முதலாவது அரிதட்டு. அதன் வலைக்கண்ணில் ஒட்டியிருக்கும் கோதுமை மாவைக் கழுவி முழுதாக எடுக்கவே முடியாது. நானும் பழைய பல்துலக்கியெல்லாம் வைத்துத் தேய்த்துப் பார்த்தாயிற்று. புதிதாக ஒன்று வாங்கி, பிடியில் சிவப்பு நூல் கட்டிவிட்டோம். ஓலையில் பின்னிய நீற்றுப்பெட்டியும், மர இடியப்ப உரலும், மர அகப்பையும் அப்படியே. இடுக்கிலும் வெடிப்பிலும் மா ஒளிந்திருக்கும். எவர்சில்வர் சட்டி, பீங்கான் எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். ரொட்டி சுட்ட தோசைக்கல்லில் தோசை வார்க்கக்கூடாது. பட்டர், ஜாம் போத்தலுக்குள் பாண் தூள் ஒட்டிய கத்தியை விடக்கூடாது. முதலில் அக்காவின் மகளுக்குச் சமைத்துவிட்டு அப்புறம் மற்றவர்களுக்கு ரொட்டி தட்டுவது எங்கள் வழக்கம்.

அரிசி மாவை மில்லில் திரிக்கிறீர்களா? உங்களுக்கு முன் என்ன திரித்தார்கள் என்று கேளுங்கள். வீட்டில் இடிக்கலாம், அல்லது கிரைண்டரில் அரைத்து அரிக்கலாம். வேலைதான்.

அப்படியென்றால் சாப்பிட என்ன மிச்சம்?

நம் ஊரில் பிறந்தவருக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் அதிகம். ஐரோப்பாவில் இருப்பவர் பாணுக்கு மாற்றுத் தேடிக் காசைக் கொட்டுகிறார். நமக்குத் தம்பலகாமத்து அரிசி, கடலில் இருந்து சூடை, பாரை, கணவாய், பருப்பு, கீரை, முருங்கை, மரவள்ளி, பலாக்கொட்டை, தேங்காய் என்று எதிலும் குளுட்டன் இல்லை. குரக்கன், தினை, சாமை, வரகு, சோளம், சவ்வரிசி, பயறு, உளுந்து, எள்ளு எல்லாம் நல்லது. கல்லும் கலப்பும் பார்த்துக் கழுவினால் சரி. ஒடியல் மாக் கூழ், உழுத்தம்மாக் களி, பால்புக்கை, தனி அரிசி மாப் புட்டு, வட்டிலப்பம் என்று சாப்பாடு குறைவே இல்லை. ‘குளுட்டன் ஃப்ரீ’ என்று போட்ட விலை கூடிய பிஸ்கட் பெட்டிகள் ஆசைக்குத்தான், அவசியத்துக்கு அல்ல.

ஒரே எச்சரிக்கை: வெள்ளை அரிசியும் சீனியுமாகவே போய்விடக்கூடாது. நார்ச்சத்தும் பி விற்றமின்களும் குறையும்.

கடைச் சாமான்களில் எவற்றைக் கவனிக்கவேண்டும்?

மோல்ட் என்று இருந்தால் அது பெரும்பாலும் பார்லி. பள்ளிப் பிள்ளைகள் குடிக்கும் மோல்ட் பானங்கள் அதனால் ஒத்துவராது; பியரும் அப்படியே. சோயா சோஸில் கோதுமை உண்டு, ஆகவே ஃப்ரைட் ரைஸ், டெவில் வகைகளில் கவனம். கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மா சேர்ப்பது வழக்கம். ரசம், சாம்பார் வழியாக வருவது இது. சோயா மீட் சிலவற்றில் கோதுமைப் புரதம் இருக்கும். சொசேஜ், மீட்போல், சூப் தூள், நூடில்ஸ், சேமியா, ரவை, குறுணல் கோதுமை, சில அப்பளங்கள் என்று பட்டியல் நீளும். ஓட்ஸில் குளுட்டன் இல்லை என்றாலும் சாதாரண ஓட்ஸ் கோதுமையோடு கலந்தே வருகிறது. சுத்தமானது கிடைத்தாலும் குடல் ஆறியபின் வைத்தியரைக் கேட்டுத்தான்.

சர்வதேச அளவுகோலில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இல்லாததைத்தான் ‘குளுட்டன் ஃப்ரீ’ என்று சொல்லலாம். ‘வீட் ஃப்ரீ’ என்பது வேறு. அதில் பார்லி இருக்கலாம். சில குளிசைகளிலும் கோதுமை மாப்பொருள் சேர்ப்பார்கள், பார்மசியில் கேளுங்கள்.

கோயில், தேவாலயம், நோன்பு?

சர்க்கரைப் பொங்கலும் புக்கையும் பிரச்சினை இல்லை. அன்னதானச் சோறும் கறியும் பெரும்பாலும் சரி, சாம்பாரில் பெருங்காயம் பற்றிக் கேட்கலாம். மோதகம், வடையைத் தவிருங்கள். நோன்புக் கஞ்சி அரிசியில்தான். பக்கத்தில் வைக்கும் சமோசாவும் ரோல்ஸும்தான் ஆகாது. கத்தோலிக்கரின் நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. குளுட்டன் முற்றாக இல்லாத அப்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை, ஆனால் மிகக் குறைந்த அளவு உள்ளதை அனுமதிக்கிறது. 2017இல் வத்திக்கான் இதை மறுபடி நினைவூட்டியது. திராட்சை இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளவும் வழி உண்டு. பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

கவனிக்காமல் விட்டால் புற்றுநோய் வருமா?

சிறுகுடலில் வரும் ஒருவகை லிம்போமா (நிணநீர்க் கலங்களில் வரும் புற்றுநோய்), சிறுகுடல் புற்றுநோய் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. ஆனாலும் அவை அபூர்வமானவை, சாப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் அபாயம் இறங்கும். அதைவிடச் சாதாரணமாக நடப்பது எலும்பு பலவீனம், தீராத இரத்தச்சோகை, பிள்ளைகளில் திரும்பக் கிடைக்காத உயரம். நான் பயப்படுவது இவற்றுக்குத்தான்.

அண்ணன் தம்பி, பெற்றோரும் சோதிக்கவேண்டுமா?

ஆம். நெருங்கிய இரத்த உறவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கலாம். அறிகுறி இல்லாவிட்டாலும் ரத்தச் சோதனை நல்லது. முதலாம் வகை நீரிழிவு, தைரொயிட் தன்னெதிர்ப்பு நோய், டவுன் சிண்ட்ரோம், டர்னர் சிண்ட்ரோம் உள்ளவர்களும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

எப்போது தேறும்? தேறியபின் பழையபடி சாப்பிடலாமா?

வயிற்றுத் தொந்தரவு பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். ரத்த அளவு இறங்க ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும். பிள்ளைகளின் குடல் சீக்கிரம் ஆறும். பெரியவர்களுக்கு இரண்டு வருடம்கூட எடுக்கலாம். எங்கள் பிள்ளைக்கு முதலில் திரும்பியது பசி. சோறு போதாது என்று தட்டை நீட்டத் தொடங்கினாள். பழையபடி சாப்பிடலாமா என்றால், இல்லை. ஆறிய குடல் குளுட்டனைக் கண்டால் மறுபடி சேதமாகும். கிளினிக்குக்குத் தவறாமல் போய் இரும்பு, போலிக் அமிலம், பி12, விற்றமின் டி அளவுகளையும், தேவையானால் எலும்பின் அடர்த்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்திலும் வெளிக்கடையிலும் எப்படிச் சமாளிப்பது?

வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதமும், பிள்ளையின் பையில் வீட்டுச் சாப்பாடும். கடையில் சோறு, பருப்பு, மீன் குழம்பு, கீரை, தேங்காய்ச் சம்பல் என்று நேராகக் கேட்டு வாங்குங்கள். கொத்துப் போடும் கல்லில் செய்த எதுவும் வேண்டாம், பொரியல் வேண்டாம். ‘குளுட்டன்’ என்று சொன்னால் பரிமாறுபவருக்கு விளங்காது. ‘கோதுமை மா’ என்று சொல்லுங்கள். நாங்கள் ஒரு சிறு அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். அதில் இருப்பது இவ்வளவுதான், விரும்பினால் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்: ‘எனக்கு ஒரு நோய் இருக்கிறது. கோதுமை மா, பாண், ரவை, சோயா சோஸ் கொஞ்சம் சேர்ந்தாலும் எனக்குக் கூடாது. சோறும், மா சேர்க்காத கறியும் தாருங்கள். கரண்டியைக் கழுவிவிட்டுப் போடுங்கள்.’